நாற்பது வளைவு, ஐந்து பேர், ஒரு கவலை!

கோடை லீவு என்பது பிள்ளைகளுக்குத்தான் லீவு. குடும்பத் தலைவனுக்கு அது இன்னொரு வேலை. மார்ச் மாதமே ஆரம்பித்துவிடுவார்கள், "இந்த வருஷம் எங்கேப்பா?" என்று. என் பையன் காஷ்மீரில் தொடங்குவான். பெண் கொஞ்சம் இரக்கப்பட்டு கோவாவுக்கு இறங்கி வருவாள். நான் பாங்க் பாஸ் புக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருதமலையில் நிற்பேன். கடைசியில் எங்காவது நடுவில் சமரசம் ஆகும். 2024 மே மாதம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, அந்த நடு இடம் வால்பாறை என்று முடிவானது.

முடிவு செய்தது என் மாமியார். அத்தைக்கு எழுபத்திரண்டு வயசு. பிறந்ததே வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக மலையேறிய குடும்பம். அவருடைய அப்பா ரிட்டயர் ஆனதும் பொள்ளாச்சிக்கு இறங்கியவர்கள், அதற்கப்புறம் மேலே போகவே இல்லை. "அம்பது வருசம் ஆச்சு. கண்ணை மூடுறதுக்குள்ள ஒருக்கா பாத்துட்டு வந்துருவோமே" என்றார். இதற்கு மேல் காஷ்மீராவது, கோவாவாவது!

என் பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. நான் கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கணக்குப் பிரிவு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அந்த ஏப்ரலில்தான் கம்பெனி கை மாறியிருந்தது. கணக்கு வேலை முழுவதையும் வெளியூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கே கொண்டுபோகப் போகிறார்களாம். எங்கள் பிரிவில் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று ஒரு லிஸ்ட் தயாராகிறதாம். எப்போது வரும்? "எப்ப வேணா வரலாம் சார்." அவ்வளவுதான் பதில்.

போன வருஷம் வரை நான் ரெண்டு நாள் லீவு கேட்டால் மேனேஜர் முகம் சுண்டிவிடும். "ஆடிட் நேரத்துல நீங்க இல்லாம எப்படி சார்?" என்பார். இந்த முறை, "அதுக்கென்ன, தாராளமாப் போயிட்டு வாங்க!" என்றார். அந்தத் 'தாராளமா'தான் என் வயிற்றைக் கலக்கியது.

விஷயம் வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். ஆக, எங்கள் பழைய வேகன் ஆரில் நான், மனைவி, பெண், பையன், அத்தை என்று ஐந்து பேர். ஆறாவதாகக் கவலையும் ஏறிக்கொண்டது. அதற்குத் தனி சீட் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவன் மடியிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

கோவையிலிருந்து வால்பாறை நூறு கிலோமீட்டர் சொச்சம். பொள்ளாச்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மே மாத வெயில் அங்கேயே கொஞ்சம் அடங்கிவிடுகிறது. ஆளியாறு அணையைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பைகளைக் காட்டிவிட்டுக் கிளம்பினால் மலை ஆரம்பம். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இது ஒரு வகையில் உபகாரம், இன்னொரு வகையில் உபத்திரவம். "பதினொண்ணு முடிஞ்சுது... இன்னும் இருபத்தொம்பது!" என்று பையன் கணக்குச் சொல்லச் சொல்ல, பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த அவன் அக்காவுக்கு முகம் வெளுத்துக்கொண்டே போனது.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட். அங்கே எல்லோரும் வண்டியை நிறுத்துகிறார்கள். நாங்களும் நிறுத்தினோம். கீழே ஆளியாறு அணையின் தண்ணீர், நாம் வந்த ரோடு, அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளி. பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் 'டிங்' என்றது. மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நடுங்கும் விரலால் திறந்தேன். தேங்காய் எண்ணெய் விளம்பரம்! "ஏனுங்க, அதை ஆஃப் பண்ணி உள்ளே வைக்கிறீங்களா, இல்ல இங்கிருந்தே கீழே போடட்டுங்களா?" என்றாள் மனைவி, மிகுந்த மரியாதையோடு.

மலைச்சாலையில் ஒரு விதி உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். அநேகமாக எல்லோரும் ஒழுங்காக வழிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயசில் நான் ஏறுகிற வண்டியா, இறங்குகிற வண்டியா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் அட்டகட்டிக்குப் பக்கத்தில் பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள். நம் மாநில விலங்கு! கால் வைக்க இடமில்லாத இடத்தில், கல்யாண வீட்டுப் பந்தலில் நிற்பது போலச் சாவகாசமாக நின்றன. யோசனையை நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஓட்டினேன்.

நாற்பதாவது வளைவு முடிந்ததும் பையன் கை தட்டினான். அக்கா கும்பிட்டாள். கவர்க்கல் பக்கம் பனி இறங்கி ரோட்டை மூடியது. அதைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. பச்சைப் போர்வையைச் சீவி விட்டது போல் மலைக்கு மேல் மலை.

வால்பாறை ஊரை நெருங்கும்போது புதுத்தோட்டம் வரும். அங்கே சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் காட்டில் கிடையாத ஜாதி. ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எதனால் தெரியுமா? தீயணைப்புக்குப் பயன்படும் பழைய கான்வாஸ் குழாய்களால்! ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே அதில் போனது. கீழே ஹார்ன் அடித்தவர்களை அது சட்டை செய்யவில்லை.

மறுநாள் காலை அத்தையின் எஸ்டேட்டுக்குப் போனோம். லைன் வீடுகள் வரிசையாக இருந்தன. பாதியில் பூட்டு. அத்தை ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்தார். "இதுதான்... இல்ல, இதுக்கு அடுத்தது." நாலாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் எட்டிப் பார்த்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு வருஷமாகிறதாம். அத்தைக்கு இந்தி தெரியாது. அவளுக்குத் தெரிந்த தமிழ், கொழுந்து, எடை, சம்பளம், மழை. அதுவே போதுமானதாக இருந்தது! இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கையால் கிள்ள வேண்டும். இப்போது பல இடங்களில் கத்தரி மாதிரி ஒரு கருவியால் வெட்டிப் பையில் சேர்க்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். "எங்கம்மா விடியக்காலம் அஞ்சு மணிக்கே எந்திரிச்சுருவா. மஸ்டருக்குப் பிந்திப்போனா அன்னைக்குச் சம்பளம் கிடையாது. மழையில காலெல்லாம் அட்டை. சாயந்திரம் தராசுல வச்சாத்தான் அன்னைக்கு மனுசி" என்றார் அத்தை.

இந்தப் பச்சைக்கு அடியில் பழைய கதைகள் ஏராளம். 1890-களிலிருந்து காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். குளிரிலும் மலேரியாவிலும் போனவர்கள் பலர். இந்தத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் அதை 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. 2013-ல் வந்த பாலாவின் 'பரதேசி' படத்துக்கு ஆதாரம் அந்த நாவல்தான்.

"இங்க வேலை முடிஞ்சா வீட்டையும் விட்டுறணும் மாப்ளே" என்றார் அத்தை. "ஆனா எங்கப்பாவுக்குத் தேதி தெரியும். இன்ன வருசம், இன்ன மாசம்னு. அதனால ரெண்டு வருசத்துக்கு முந்தியே அண்ணனைப் பொள்ளாச்சியில ஒரு ரைஸ் மில்லுல சேத்து விட்டாரு. நாங்க இறங்கும்போது கீழ ஒரு அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் சோலையாறு அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ரோட்டோரத்தில் ஒரு கம்பம். அதன் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. டீக்கடைக்காரர் ஓடி வந்து கையை ஆட்டினார். "அங்கேயே நிறுத்துங்க சார்! ஆனை நிக்குது!"

"எங்கே?" என்று நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு வாலைக்கூடக் காணோம்.

"நமக்குத் தெரியாது சார். லைட்டுக்குத் தெரியும். வாங்க, டீ சாப்பிடுங்க."

டீ குடித்துக்கொண்டே விவரம் கேட்டேன். வால்பாறை மேட்டுப்பகுதி சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலையும் காப்பியுமாக, இடையிடையே காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் முதலான காடுகள். யானைகளுக்கு இது பரம்பரை வழி. நடுவில் வந்து வீடு கட்டியது நாம்தான். இங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள், அது அங்கே இருப்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய்விட்டவர்கள். யானைக்கு அவர்கள் மேல் விரோதம் எதுவும் இல்லை. அவர்களுக்குத் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டறிந்த நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஆராய்ச்சி அமைப்பு, வனத்துறையோடு சேர்ந்து, 2011 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தது. யானை எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்து ஜனங்களின் செல்போனுக்குச் சாயங்காலமே தகவல் போய்விடும். முக்கியமான இடங்களில் கம்பம் நட்டு சிவப்பு விளக்கு. உள்ளூர்க்காரர்களே யானையைப் பார்த்ததும் செல்போன் மூலமாக அதை எரிய விடலாம். வேலியும் இல்லை, வெடியும் இல்லை. வெறும் சேதி! உயிரிழப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. இந்த வேலைக்காக விஞ்ஞானி ஆனந்தகுமாருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வால்பாறையில் நாலு டன் யானை எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் கம்பெனியில் நாலு பக்க லிஸ்ட் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒருத்தர் இல்லை!

"ஏன்ப்பா தனியாச் சிரிக்கிறீங்க?" என்றாள் பெண்.

யானை நகரும் வரை எப்படியும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அந்தப் பெஞ்சிலேயே எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று.

பெண் கொஞ்ச நேரம் டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். "சென்னை காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம்ப்பா. பி.காம். கோயமுத்தூர்லயே படிக்கிறேன். எப்படியும் எனக்கு பஸ்ல தூரமாப் போனா வாந்தி வருது" என்றாள். பையன், "அப்போ அடுத்த வருஷமும் காஷ்மீர் கிடையாதா?" என்றான். (அவனுக்கு அவன் கவலை!)

அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தேதி சொல்லியிருக்காங்களா?"

"இல்லீங்க அத்தே."

"அப்ப நாமளே ஒரு தேதி வச்சுக்கிடுவோம்."

ஜூன் பத்து என்று வைத்தோம். லிஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும் அன்றிலிருந்து நான் வேறு வேலை தேடுவது. மனைவி ஸ்கூல் முடிந்ததும் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது. வீட்டுக் கடனை எத்தனை மாதம் சேமிப்பிலிருந்து கட்ட முடியும் என்று டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஏழு மாதம் வந்தது. நான் மனசுக்குள் பயந்துகொண்டிருந்தது இரண்டு மாதம். முக்கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. கடைசி வரை யானையை நாங்கள் பார்க்கவே இல்லை. ராத்திரி லாட்ஜில் நான் குறட்டை விட்டதாக மூன்று பேர் புகார் செய்தார்கள்.

லிஸ்ட் ஜூன் கடைசியில் வந்தது. என் பெயர் ஏழாவது. அதற்குள் நான் பதினொரு இடத்தில் சொல்லி வைத்திருந்தேன். பொள்ளாச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர்ந்தேன். சம்பளம் முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தினமும் பஸ் பயணம். யாரும் பரிதாபப்பட வேண்டாம். வீட்டுக் கடன் ஒழுங்காகப் போகிறது, பெண் படிக்கிறாள், காஷ்மீர் மட்டும் இன்னும் பாக்கி.

வால்பாறை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் எடுக்கவேண்டும் என்றாகியிருக்கிறது. கிளம்பும் முன் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் நிம்மதி. இருட்டுவதற்குள் மலையேறிவிடுங்கள். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். எலுமிச்சம்பழம் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நாலு பேர் முகர்ந்தால் வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுங்கள். யானை தெரியவில்லையே என்று விவாதம் செய்ய வேண்டாம். பக்கத்தில் டீக்கடை இருந்தால் பெஞ்சில் உட்காருங்கள். வீட்டில் சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், அதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.