தானாக ரேஸ் ஆகும் ஆர்எக்ஸ் 100

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லை என்று ஒரு ஆர்எக்ஸ் 100 வந்தால், ஐடில் ஸ்க்ரூவை நான் தொடமாட்டேன். அதைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பது எளிது. நோய் உள்ளேயே இருக்கும். யமஹாவின் இந்த 98 சிசி வண்டி 1985இல் வந்து 1996இல் நின்றுபோனது. இன்று ஓடுபவை எல்லாம் முப்பது வயதை ஒட்டியவை, தாண்டியவை.

கடலூர் துறைமுகப் பக்கத்து வண்டி என்றால் கேபிளில் தொடங்குவேன். உப்புக்காற்றில் உள்கம்பி துருவேறி உறைக்குள் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது ரேஸ் ஏறினால் குற்றம் கேபிளில். புதிது போடும்போது ஆயில் பம்பை மறக்கக் கூடாது. கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றது பம்புக்கும் போகிறது. பம்பில் உள்ள குறி விலகி நின்றால் இன்ஜினுக்கு ஆயில் குறையலாம்.

சிதம்பரத்திலிருந்து வரும் வண்டிகள் வேறு கதை சொல்லும். காலையில் ஒழுங்காக நிற்கும். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சூடேறிய பின் ரேஸ் இறங்காது. சூட்டில் மட்டும் வருகிறது என்றால் என் சந்தேகம் காற்றின் மேல். எங்கோ ஒரு சந்து வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவையை மெலிய வைக்கிறது. சோக்கை இழுப்பேன். சூடான நல்ல இன்ஜின் திணறும், காற்று இழுக்கும் இன்ஜின் நிதானத்துக்கு வரும். பிறகு கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரைச் சுற்றி ஆயில் தடவுவேன். சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். சிலர் பெட்ரோல் தெளித்துச் சோதிப்பார்கள். சூடான இன்ஜின் மேல் அது பெரிய ஆபத்து, என் பட்டறையில் அதற்கு இடமில்லை.

ரப்பர் நன்றாக இருந்தால் கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. கிளச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் எரிந்து வெள்ளைப் புகை காட்டிக்கொடுக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகையே வராது. ஸ்பார்க் பிளக் மட்டும் வெளுத்திருக்கும். அதனால்தான் பலரும் அதைத் தவறவிடுகிறார்கள். சீல் விலை சொற்பம், மேக்னெட்டைக் கழற்றப் புல்லரும் பொறுமையும் வேண்டும். மாற்றிப் பூட்டியதும் ஆக்சிலேட்டரை விட்ட நொடியில் சத்தம் மளமளவென்று இறங்கும். அதைக் கேட்பதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை.

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களே, ரேஸ் இறங்காத வண்டியை ஐடிலைக் குறைத்து ஓட்டாதீர்கள். மெலிந்த கலவையின் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். சாவியை அணைத்துவிட்டு, வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள்.