ஈயம் காணாத ஏ-40

1992 மாரியில் ஓர் இரவு. மூச்சுத் திணறிய அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது அயல்வீட்டு அண்ணையின் ஒஸ்ரின் ஏ-40. 1990 முதல் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை. காபறேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வழியில் நின்றால் மீண்டும் பெற்றோல் வேண்டும். நாச்சிமார் கோயிலடியில் நின்றது. அண்ணையின் மருந்துப் போத்தலில் இன்னும் ஒரு தடவைக்கே இருந்தது. நல்லவேளை, அந்த ஒரு தடவையிலேயே எஞ்சின் பிடித்தது.

2002 இல் ஏ-9 வீதி திறந்தது. அதே ஆண்டில் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலையும் கைவிட்டது. இலண்டனிலிருந்து வந்த உறவினர், பெற்றோலில் கலக்கும் மருந்தொன்றை அண்ணையிடம் கொடுத்து, ஈயமில்லாவிட்டால் பழைய எஞ்சின் கெட்டுவிடும் என எச்சரித்தார். பிரித்தானியாவில் 1999 முடிவில் ஈயப் பெற்றோலின் பொது விற்பனை நின்றபோது பழைய கார்க்காரர்களைப் பிடித்த பயம் அது. காரணமில்லாத பயமுமன்று. எரிந்த ஈயம் புகைபோக்கி வால்வு அமரும் இருக்கையில் மெல்லிய படையாகப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டித் தேய்வதைத் தடுக்கும். அப்படை இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால், வார்ப்பிரும்பு இருக்கை அரிபட்டு வால்வு உள்ளிறங்கும்.

அண்ணை கலங்கிப்போய்க் கராச்சுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மெக்கானிக் சிரித்தார்: "அண்ணை, அஞ்சு வரியம் மண்ணெண்ணெயில ஓடினனீங்கள். அதில ஈயம் எங்க கிடந்தது?"

எனினும் சிலிண்டர் தலையைக் கழற்றிப் பார்த்தார். வால்வு இருக்கைகள் நன்றாகவே இருந்தன. முப்பது மைல் வேகத்தைத் தாண்ட விடாத எங்கள் குண்டுங்குழியுமான வீதிகளுக்கே அந்தப் பெருமை. தேய்ந்திருந்தவை பிஸ்டன் வளையங்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்ததன் பலன். ஏழுக்கு ஒன்று என்ற அளவிலான தாழ்ந்த அமுக்க விகிதம் இருந்தபடியால்தான் அந்த எஞ்சின் அவ்வளவையும் தாங்கியது. புதிய கார்களால் முடிந்திராது.

ஈயம் போனதில் எனக்கு வருத்தமில்லை. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல்தான் அதை விட்டது.

வளையங்கள் மாற்றிய ஏ-40 அதன்பின் சாதாரணப் பெற்றோலிலேயே ஓடியது. இலண்டன் போத்தல் கராச்சுத் தட்டில், மூடி திறக்கப்படாமல், நெடுநாள் இருந்தது.