நாமினி போட்டாச்சா?

பி.காம் இன்டர்ன்ஷிப்புக்கு எங்க ஊர் வங்கிக் கிளைக்குப் போனேன். பேலன்ஸ் ஷீட்டெல்லாம் கண்ணிலேயே படல. சலான் எழுதிக் கொடுக்கிறதுதான் முழுநேர வேலை. (கல்லூரி ரிப்போர்ட்ல வேற மாதிரி எழுதியிருக்கேன், அது தனிக்கதை!)

நகைக்கடன் கவுன்ட்டர்ல உரைகல், தராசுன்னு வேடிக்கை பார்க்கவே பொழுது போயிடும். ஆனா மனசுல நிக்கிறது ஒரு பாட்டிதான். தாத்தா போட்ட டெபாசிட்ல நாமினி இல்லை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் அலைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. 10 வருஷம் யாரும் தொடாத கணக்குல இருக்கிற பணம் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். உரியவங்க கேட்டா திரும்பக் கிடைக்கும். ஆனா அதுக்கும் அலையணும்.

2025 நவம்பர்ல இருந்து 4 பேர் வரைக்கும் நாமினி போடலாம். வீட்டுப் பெரியவங்க பாஸ்புக்கை இன்னைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்க.