பட்டியலில் இல்லாத மரம்

மின்கிதாரை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புவோருக்காக எழுதப்பட்ட ஆங்கிலக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே மரவரிசையோடு தொடங்குகின்றன. உடலுக்கு ஆல்டர் அல்லது ஆஷ், கழுத்துக்கு மேப்பிள், விரற்பலகைக்கு ரோஸ்வுட். கல்யாண் கிழக்கில், கோல்சேவாடிப் பக்கம் வசிக்கும் இளைஞர் ஒருவர் இவ்வரிசையை அச்செடுத்துக்கொண்டு உல்லாசநகர் மரக்கடைகளில் ஏறி இறங்கினார். முதல் மூன்று பெயர்கள் எங்கும் செல்லுபடியாகவில்லை. நான்காவது பெயர் எல்லாக் கடைகளிலும் செல்லுபடியாயிற்று. ஆனால் ஒவ்வொரு கடையிலும் வெவ்வேறு மரமாக. ஒருவர் வடநாட்டுச் சீசத்தைக் காட்டினார். இன்னொருவர் மராத்தியில் சிசவ் எனப்படும் ஈட்டியைக் காட்டினார். மூன்றாமவர் காட்டியது கருஞ்சாயம் ஏற்றிய ஏதோ ஒன்று.

இளைஞரின் தந்தை திருநெல்வேலிப் பக்கத்துத் தச்சர். முப்பது ஆண்டுகளாக உல்லாசநகர்ப் பட்டறைகளில் கட்டிலும் அலமாரியும் செய்பவர். மகன் அவரிடம் அதுவரை எதுவும் கேட்கவில்லை. கிதார் ஆங்கிலப் பொருள், கட்டில் நம் பொருள் என்ற பிரிவினை அவர் மனத்தில் இருந்திருக்கலாம். பட்டியலை ஒருநாள் இரவு தந்தைக்குப் படித்துக்காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“பேர வுடுலே. அந்த மரம் என்ன வேல செய்யணும்னு போட்டிருக்கா?”

“அது போடலப்பா.”

மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு வகுப்புகளில் ஒரு பருவம் முழுவதும் சுற்றிச் சுற்றிப் பேசப்படும் செய்தி அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. பெயருக்குப் பெயர் தேடுவது ஒரு வேலை. அப்பெயர் அதன் சொந்த ஊரில் என்ன செய்தது என்று தேடுவது வேறு வேலை.

ஆல்டரும் ஆஷும் அவற்றின் சொந்த ஊரில் என்ன செய்தன? கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950இல் கெட்டியுடல் கிதார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அவருக்கு மலிவாகவும் தட்டுப்பாடின்றியும் கிடைத்த மரங்கள் அவை. 1950களின் நடுவில் ஆஷிலிருந்து ஆல்டருக்குப் பெரும்பாலும் மாறியதற்கும் விலையும் வரத்தும் காரணங்களாக இருந்தன. 2020இல் அதே நிறுவனம் ஆஷ் மரப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. மரத்தைத் தின்னும் ஒருவகைப் பச்சை வண்டும் மிசிசிப்பி ஆற்று வெள்ளமும் வரத்தைக் கெடுத்துவிட்டன. இடைப்பட்ட எழுபதாண்டுகளில், கைக்கு எட்டிய மரம் ‘நாதமரம்’ ஆகிவிட்டது. ஒரு வட்டாரத்தின் வசதி உலகத்தின் இலக்கணமாவது மொழியியல் மாணவர்களுக்குப் புதிய கதையன்று.

அவ்விலக்கணம் உருவாவதற்கு முன்பும் பின்பும் அதை மீறியோர் உண்டு. 1940ஐ ஒட்டி லெஸ் பால் நான்கங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பிகளைப் பூட்டி வாசித்தார்; கட்டை கட்டையாகவே தெரிந்தால் ஏற்கமாட்டார்கள் என்று, ஒரு பழைய கிதாரை இரண்டாக அறுத்துப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டார். 1950களில் டேன்எலக்ட்ரோ நிறுவனம் அழுத்தப்பட்ட மரத்தூள் அட்டையில் கிதார் செய்து விற்றது. 1963இல் லண்டன் பள்ளி மாணவர் பிரையன் மே, தம் தந்தையுடன் சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டத்திலிருந்து கழுத்தைச் செதுக்கினார். புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்லைப் பொருத்தினார். தாயின் தையற்பெட்டிச் சிப்பிப் பொத்தான்களை விரற்பலகையில் புள்ளிகளாகப் பதித்தார். குவீன் குழுவின் ஒலி அதுதான். அக்குழுவில் பாடியவர் கல்யாணிலிருந்து தொலைவில்லாத பாஞ்ச்கனிப் பள்ளியில் படித்தவர் என்பது இங்கே வேண்டாத செய்தி, ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை.

கெட்டியுடல் மின்கிதாரில் ஒலியை எடுப்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும். எஃகு நரம்பின் அசைவு காந்தப்புலத்தைக் குலைக்கிறது. சுருளில் மின்னோட்டம் எழுகிறது. மரத்தின் நேரடிக் குரல் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில் கைவினைஞர்களும் ஒலியியலாளர்களும் இன்னும் வாதிடுகின்றனர். வாதத்துக்கு அப்பாற்பட்டவை வேறு: ஆறு நரம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்கு நிகராக இழுக்கும்போது கழுத்து வளையாதிருக்க வேண்டும், மூன்று மணிநேரம் தோளில் தொங்கும் உடல் கனக்கக் கூடாது, திருகாணி பிடித்த இடத்தில் நிற்க வேண்டும், மழைக்காலத்தில் வீங்கி வெயிற்காலத்தில் சுருங்கி வெடிக்கக் கூடாது. தச்சர் கேட்ட ‘வேல’ இவை. இவற்றுக்கு விடை சொல்ல ஆங்கிலக் கையேடு தேவையில்லை. கட்டில் செய்பவர் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் விடைதான்.

மரத்தைப் பொறுத்தவரை கல்யாண் ஓர் ஓரத்து ஊருமன்று. கிரேக்கத்தில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ இதைக் கல்லியேன என்று குறிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் எழுதிய நூல், கல்லியானாவிலிருந்து செம்பும் துணியும் ‘எள்மரக்’ கட்டைகளும் ஏற்றுமதியாவதாகச் சொல்கிறது. எள்ளுக்கு ஏது கட்டை? கிரேக்க மொழியின் எள்ளுச் சொல்லுக்குள் சீசம் என்ற இந்திய மரப்பெயர் புகுந்து ஒளிந்திருக்கிறது என்பதே ஆய்வாளர் பலரின் கொள்கை. கேட்ட சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிக்கொள்ளும் பழக்கம் அன்றைய வணிகருக்கும் இருந்தது, இன்றைய உல்லாசநகர்க் கடைக்காரருக்கும் இருக்கிறது. எதிர்த்திசையில் தேக்கு என்ற திராவிடச் சொல் மலையாளக் கரை வழியாகப் போர்த்துக்கீசியருக்குத் ‘தேக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று.

மகனின் விருப்பம் முதலில் தேக்கில்தான் நின்றது. அதிலும் பழைய பர்மாத் தேக்கில். மும்பையின் பழைய சால்கள் இடிக்கப்படும்போது விட்டங்களும் கதவு நிலைகளும் பழைய மரக்கடைகளுக்கு வருகின்றன. 1863இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா வணிகக் கழகம் பர்மாக் காடுகளில் வெட்டிய தேக்கு, 1885இல் ஒரு போருக்கே சாக்காயிற்று. அத்தகைய வரலாறு ஊறிய மரத்தில் கிதார் செய்வது யாருக்கும் ஆசையூட்டக்கூடியதே. தச்சர் ஆசையை மறுக்கவில்லை. விட்டத்தின் ஒரு துண்டை எடுத்து மகனின் தோளில் வைத்தார். தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ, ஆல்டர் 450. அதே உடலைத் தேக்கில் வெட்டினால் எடை ஒன்றரை மடங்கை நெருங்கும். தேக்கில் உள்ள மணற்சத்து உளியின் வாயை மழுக்கும். அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது, ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும். பழைய மரத்தில் ஆணி முறிந்து புதைந்திருக்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்காமல் வாள் வைக்கக் கூடாது. ஆனால் அறுபது எழுபது மழைக்காலம் பார்த்துவிட்ட மரம் இனி முறுக்கிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. ஆகவே உடலுக்கு வேண்டாம், கழுத்துக்கு ஆகட்டும் என்று தீர்ப்பாயிற்று. வருடல் நேராக ஓடும் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் ஒன்றின் வளைவை மற்றொன்று தடுக்கும். உள்ளே எஃகுத் தண்டு ஒன்று. கையேடும் இதையே சொல்கிறது, ஆனால் மேப்பிளைக் கொண்டு.

உடலுக்குத் தச்சர் சொன்ன பெயர் குமிழ். கடையில் அதற்குச் சிவண் என்று பெயர். எடையில் ஆல்டரின் பக்கத்திலேயே நிற்கும் மரம். உளிக்கு இணங்கும், பருவ மாற்றத்தில் அதிகம் அசையாது, விலையும் குறைவு. கிதார்க் கையேடுகளின் வழக்கமான பட்டியல்களில் இதற்கு இடமில்லை. தமிழின் மிகப் பழைய கருவிப் பட்டியல்களில் இடமுண்டு. பெரும்பாணாற்றுப்படையில் குழலூதிச் சலித்த இடையன் ஒருவன், உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்துகொள்கிறான். பாணனின் பேரியாழுக்குப் பத்தரும் போர்வையும் திவவும் உண்டு, அவற்றை விரித்துச் சொல்லும் மரபும் உண்டு. இடையனுக்குக் கைக்கெட்டிய கொம்பும் நாரும் மட்டும். வீட்டில் செய்த நரம்புக் கருவி என்ற வகையில் கல்யாண் இளைஞருக்கு அவனே முன்னோடி. மகன் தமிழ் படித்தது எட்டாம் வகுப்பு வரை, அதுவும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில். தந்தையும் அப்பாட்டை அறியார். ஆயினும் மரத்தேர்வு ஒன்றாக அமைந்தது. பாட்டு அவரிடம் வந்து சேரவில்லை, தொழில் வந்து சேர்ந்திருக்கிறது.

விரற்பலகைக்கு ஈட்டி. தச்சரின் பட்டறையில் வாடிக்கையாளர் ஒருவரின் மேசைக்குப் போக எஞ்சிய துண்டு இருந்தது. ஈட்டியைப் புதிதாக வாங்குவது எளிதன்று. தமிழ்நாட்டில் 1994இலேயே தனிச்சட்டம் வந்தது. 2017 தொடக்கத்தில் ஈட்டியினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது உலகக் கிதார்த் தொழிலே திணறியது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது.

மெட்டுகளில் தந்தையின் தொழிலும் சற்றுத் தடுமாறியது. வீணையில் மெட்டுகள் மெழுகுப் படுகையில் நிற்கின்றன. செவி சொல்லும் இடத்துக்கு நகர்த்தலாம். கிதாரில் பள்ளம் அறுத்து அடித்து இறக்கிய மெட்டு நகராது. 648 மில்லிமீட்டர் நரம்பு நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் 36.4 மில்லிமீட்டரில் விழும்; மீதியை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் இரண்டாவது. பள்ளத்தின் அகலம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டலாம். பட்டறையின் வாள்கள் அனைத்தும் அதைவிடத் தடித்த வாய் கொண்டவை. மெல்லிய வாள் ஒன்றை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. மெட்டுக் கம்பி கடைப்பேச்சில் ‘ஜெர்மன் சில்வர்’. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, வெள்ளி ஒரு குண்டுமணியும் இல்லை.

பெயர் செய்த பெருங்குழப்பம் கம்பிச் சுருளில் காத்திருந்தது. கையேடு 42ஆம் எண் கம்பியை 8,000 சுற்று சுற்றச் சொன்னது. மோட்டார் சுற்றும் கடையில் 42ஆம் எண் எனாமல் கம்பி எடைக்குக் கிடைத்தது. பாதிக்கு முன்பே சுருள் நிரம்பி வழிந்தது. அமெரிக்க அளவையில் 42 என்பது 0.063 மில்லிமீட்டர், இங்கே புழங்கும் பிரித்தானிய அளவையில் அதே எண் 0.10 மில்லிமீட்டர். வெட்டுப் பரப்பில் இரண்டரை மடங்கு. கேட்க வேண்டியது 46ஆம் எண். மரத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு மனம் தயாராக இருக்கிறது. எண் மாறும் என்று எதிர்பார்ப்பதில்லை. மின்தடை மாற்றிகளும் மின்தேக்கியும் லாமிங்டன் சாலையில் ஒரே நடையில் கிடைத்தன. முறுக்காணிகள் ஆயத்தமாக வந்தவை. தோள்வாரைத் தாராவியில் தோல் தைக்கும் உறவினர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உடல் இன்னும் வெட்டப்படவில்லை. குமிழ்ப் பலகைகள் இரண்டும் தை மாதம் வாங்கியவை. ஈரம் முற்றாகப் போகாதவை. குளிர்நாட்டுக் கையேடுகள் 6 முதல் 8 சதவீத ஈரத்தைக் கேட்கின்றன. சூடேற்றிய அறைகளுக்கான கணக்கு அது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்திலேயே நிற்கும் கல்யாண் ஆடி மாதத்தில், எவ்வளவு உலர்த்திய மரமும் மெல்ல 16 சதவீதம் நோக்கி ஏறும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஒரு நிலையில் வெட்ட வேண்டும் என்பது தச்சரின் முடிவு. மகன் சித்திரையிலேயே வெட்டிவிடத் துடித்தார். தச்சர் மளிகைக்கடைத் தராசை மட்டும் இரவல் வாங்கி வந்தார்.

ஞாயிறுதோறும் பலகைகள் இரண்டையும் சேர்த்து நிறுத்து, ஒன்றின் முதுகில் பென்சிலால் எடையைக் குறிக்கிறார்கள். முதல் வரி தந்தையின் கையெழுத்தில், தமிழில்: ‘5 கிலோ 120’. அடுத்த சில வரிகள் மகனுடையவை, ஆங்கிலத்தில். வைகாசி இறுதியில் 4 கிலோ 660. ஆனியில் எண் இறங்கவில்லை. ஆடி மூன்றாம் ஞாயிற்றில் 4 கிலோ 730. அதனருகில் மகன் இட்ட கேள்விக்குறியை அடித்துவிட்டு, தந்தை ‘ஐப்பசி’ என்று எழுதியிருக்கிறார்.