பத்து ரூபாய் டிக்கெட்

நாடியம்மன் கோயில் பங்குனித் திருவிழா வந்தால் பட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ராட்டின ஞாபகம் வந்துவிடும். இந்த வருஷம் என் பேரனும் கேட்டான், "தாத்தா, ராட்டினம் சுத்தப் போலாமா?" போகலாம் என்றேன். ஆனால் மனசு 1998-க்குப் போய்விட்டது.

அப்போது நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தேன். பக்கத்து ஊரில் ஒரு பொருட்காட்சி போட்டிருந்தார்கள். 11 வயதான என் தங்கை மகன் 10 ரூபாய் டிக்கெட் வாங்கி, கப்பல் மாதிரி ஆடும் ஊஞ்சலில் ஏறினான். முன்னால் போடும் கம்பியைச் சரியாகப் பூட்டவில்லை. ஆடிய வேகத்தில் கீழே விழுந்து வலது முழங்கை நொறுங்கிவிட்டது. தஞ்சாவூரில் இரண்டு ஆபரேஷன்.

மூன்றாம் நாள் ராட்டினக்காரரின் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், கவரில் 10,000 ரூபாய். கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பர். இனிமேல் எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தது.

"என்னண்ணே செய்யட்டும்?" என்றாள் தங்கை.

"போட்டுடும்மா. கோர்ட்டு கச்சேரின்னு யாரு அலையறது?" என்றேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் சொன்ன யோசனை இது!

அந்தப் பணம் ஒரு மாசம்கூட வரவில்லை. பையனின் கை இன்றும் முழுசாக நீளாது. போலீஸ் வேலைக்குப் போனான். கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு வக்கீல் நண்பரிடம் இதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். 1986-லேயே நுகர்வோர் சட்டம் வந்துவிட்டது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர். பாதுகாப்பில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமல்ல, ஊனம், வலி, பிற்காலச் சம்பாத்தியம் எல்லாம் கணக்கில் வரும். நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து என்று வாதாடவும் இடமிருந்ததாம். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போயிருக்க வேண்டும்.

2019 சட்டத்தில் இன்னும் வசதி. வெளியூர்ப் பூங்காவில் அடிபட்டாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குத் தஞ்சாவூர் ஆணையம். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிறு பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கலாம்.

உடனே பணம் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கொச்சியில் அப்போது வீகாலாண்ட் என்றிருந்த பூங்காவில் 2002 டிசம்பரில் ஓர் இளைஞர் அடிபட்டு, உடல் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் விசாரித்தபோதும் இழப்பீடு முடிவாகவில்லை. கொடுக்க முன்வந்த தொகை ரொம்பக் குறைவு என்று நீதிமன்றமே நிர்வாகத்தைக் கடிந்துகொண்டது. அலைச்சல் உண்டுதான். ஆனால் அடிபட்டவர் அதற்குப் பிறகும் வாழ்ந்தாக வேண்டுமே!

ராட்டினம் ஓட்டுகிறவர்களையும் நினைக்க வேண்டும். 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தாவில் ராட்டினத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஓர் ஊழியர் இறந்துபோனார், பலருக்குக் காயம். வேலையில் அடிபடுகிறவர்களுக்கு 1923-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

பேரன் பேத்திகளைக் கூட்டிப்போகும் நண்பர்களே, டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். கம்பி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஆகிவிட்டால் போலீசில் எழுதி வையுங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆப்பிளோடு வரும் காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

போன மாசம் தங்கை மகனிடம், "தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். "விடுங்க மாமா, பழைய கதை" என்றான். என்னால்தான் விட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.