மேல் மாடியில் ஒரு ஷவர்



சாருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் இன்னும் முடியவில்லை. நான் ஊற்றுகிறேன் என்றால் ஒப்பவில்லை. வெண்ணாற்றில் இறங்கிக் குளித்தே வளர்ந்தவர். "குளிக்கிறதையாவது நானே குளிச்சுக்கறேனே" என்றார். அதனால் ஷவர் வைப்பது என்று முடிவு செய்தோம்.

நாங்கள் இருப்பதோ தஞ்சாவூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. அதுதான் கடைசி மாடியும். தண்ணீர் வேகமே கிடையாது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதை என்பதால், பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் டெல்டாவில் தலைமடைக்குத் தண்ணீர் முதலில் பாயும், கடைமடைக்காரர் காத்திருப்பார். அடுக்குமாடியில் இது தலைகீழ். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் மாடிதான் கடைமடை! வகுப்பில் டப்பாவில் மேலும் கீழுமாக மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பினோமே, நினைவிருக்கிறதா? அடி ஓட்டையில்தான் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். அழுத்தம் என்பது மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. தொட்டி 500 லிட்டரா 5000 லிட்டரா என்பதைப் பொறுத்தது அல்ல.

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஷவர் தரையிலிருந்து 7 அடி. அங்கிருந்து கூரைக்கு 3 அடி, தொட்டி நிற்கும் மேடை 3 அடி, தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் 3 அடி. மொத்தம் 9 அடி. அதாவது 0.27 பார்தான். தரைத்தளத்து வீட்டுக்கு இன்னும் 20 அடி கூடுதல், 0.9 பார் அளவுக்கு வந்துவிடும். அவர்கள் வீட்டில் ஜோராகக் கொட்டும் ஷவரைப் பார்த்து நாம் வாங்கக் கூடாது. பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருந்தால் படியுங்கள். 1 பார் என்று இருந்தால் மேல் மாடிக்கு ஆகாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பழைய ஷவர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் ஒரு நிமிஷம் வாளியில் பிடியுங்கள். எங்களுக்கு 9 லிட்டர் வந்தது. ஹெட்டை மாட்டினால் 3 லிட்டர். ஆக, குறை பாதிக்கு மேல் ஹெட்டில்தான். போர் தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்திருந்தது. இப்படி இருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெறும் குழாயிலேயே தண்ணீர் வரவில்லை என்றால் எந்த ஷவரும் உதவாது. கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து எந்த ஷவர்? கடையில் தட்டு மாதிரி அகலமான மழை ஷவர் அழகாக இருந்தது. ஆனால் இருக்கிற கொஞ்சம் தண்ணீரை அத்தனை துளைக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் சொட்டுதான் விழும். நாற்றங்காலுக்கும் செடிக்கும் தெளிக்கும் பூவாளியை நினையுங்கள். ஓரடித் தண்ணீரில் எவ்வளவு அழகாகப் பொழிகிறது! முகம் சிறியது, துளை அடைப்பில்லாதது, உள்ளே தடுப்பு இல்லாதது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

நாங்கள் வாங்கியது சிறிய முகம் உள்ள ஹேண்ட் ஷவர். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சார் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். ஷவரை 4 அடி உயரத்தில் பிடித்தால் 9 அடி என்பது 12 அடியாகிறது. காசு செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கூடிவிட்டது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் வருகிறது. ஐந்து நிமிஷத்தில் 30 லிட்டரில் குளியல் முடிகிறது.

பிரஷர் பம்ப் வைக்கலாமே என்றார்கள். எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்கும் தொட்டியிலிருந்து ஒரே குழாய். ஒரு வீட்டில் பம்ப் இழுத்தால் பக்கத்து வீட்டில் தண்ணீர் நின்றுவிடும். வாய்க்காலில் ஒருவர் இன்ஜின் வைத்து இறைத்தால் கீழே உள்ள வயல்காரருக்கு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பம்ப் வேண்டுமென்றால் எல்லோரும் பேசி, தொட்டிக்குப் பக்கத்தில் பொதுவாக வைப்பதுதான் முறை. தொட்டியை உயர்த்துவதும் வழிதான். ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. இன்ஜினியரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மேல் மாடி பாத்ரூம் வரைக்கும் முக்கால் அங்குலக் குழாய் போடுங்கள். அரை அங்குலக் குழாயைவிட வாய் இரண்டேகால் மடங்கு பெரியது. சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, உட்காரும் உயரத்தில் ஹேண்ட் ஷவர் மாட்ட ஒரு கொக்கி, இவற்றையும் இப்போதே வைத்துவிடுங்கள். உங்கள் அப்பா அம்மா வந்து தங்கும்போது யார் துணையும் இல்லாமல் குளித்துவிட்டு வருவார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் இப்போது தினமும் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் வெறும் குழாயில் எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். வீட்டுப்பாடம்தான்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்