காலி வண்டியும் கத்திரிக்காய் மூட்டையும்

பத்து நாளா எழுத முடியல. கத்திரிக்கா அறுப்பு. இன்னிக்கு பெட்ரோல் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தேன். விவசாயிக்கும் பெட்ரோலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காதீங்க. உரத்துக்கு அடுத்தபடி எங்க வீட்டுல பணம் அதிகமா போற இடம் அதுதான்.

எங்க ஊரு ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். ரெண்டரை ஏக்கர் பூமி. அரை ஏக்கர்ல முள்ளு கத்திரி. 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதே இலவம்பாடி கத்திரிக்காதான். ஆம்பூர்ல பிரியாணிக்குத் தொட்டுக்க கத்திரிக்கா இல்லாம முடியாது. அதனால நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மாதனூர் வழியா ஆம்பூர் மார்க்கெட்டுக்குப் போறேன். போக வர 50 கிலோமீட்டர். வண்டி 2012 மாடல் மாருதி ஆம்னி, செகண்ட் ஹேண்டுல வாங்குனது.

போன ஆடி மாசம் ஒரு நாள் கிலோ 12 ரூபாய்க்குப் போச்சு. 120 கிலோவுக்கு 1440. அதுல கமிஷன் 144, காய் பறிச்ச ரெண்டு பேருக்குக் கூலி 500, மூட்டை எறக்குற கூலி 60, பெட்ரோல் 464. கையில மிஞ்சினது 272 ரூபா. மருந்து, உரம், என் வேலை எதையும் இதுல சேர்க்கல. நோட்டுல எழுதிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். கத்திரிக்கா விலை என் கையில இல்ல, கமிஷனும் என் கையில இல்ல. பெட்ரோல் மட்டும்தான் கொஞ்சமாவது என் கையில இருக்கு.

மொதல்ல வண்டி உண்மையில எவ்வளவு கொடுக்குதுன்னு பார்த்தேன். யாராவது கேட்டா "பதினைஞ்சு கொடுக்குது"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். டேங்க்கை முழுசா நிரப்பி, பம்பு தானா நின்ன ஒடனே மீட்டரை எழுதி வச்சேன். அடுத்த தடவையும் அதே மாதிரி நிரப்பி, ஓடுன கிலோமீட்டரை ஊத்துன லிட்டரால வகுத்தேன். 11தான் வந்தது. மூணு தடவை பார்த்தேன், மூணு தடவையும் 11 பக்கம்தான். இந்தக் கணக்கு போடாம மைலேஜ் பத்திப் பேசறது வெட்டிப் பேச்சு.

அப்புறம் ஒவ்வொண்ணா சரி பண்ணேன். டயர்ல காத்து பாத்து மாசக்கணக்கு ஆச்சு, நாலுலயும் கம்மி. எவ்வளவு காத்துன்னு வண்டிப் புஸ்தகத்துலயே இருக்கும். மைலேஜுக்குன்னு அதுக்கு மேல அடிக்காதீங்க, மழையில வழுக்கும். மேல இருந்த கேரியரைக் கழட்டினேன். உள்ள கிடந்த கடப்பாரை, பழைய ஸ்ப்ரேயர், தண்ணி கேன் எல்லாத்தையும் எறக்கினேன். மெக்கானிக் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தைக் கையால சுத்திப் பாத்தார். பின்னாடி ஒரு சக்கரம் சுத்தவே இல்ல, பிரேக் பிடிச்சபடியே இருந்திருக்கு. எத்தனை மாசமா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுனேனோ! ஏர் ஃபில்டரும் பிளக்கும் மாத்தினார்.

அடுத்தது என் கால். மாதனூர்ல நெடுஞ்சாலை ஏறினதும் 80ல மிதிப்பேன். ஆம்பூர் வரைக்கும் ஒரு 11 கிலோமீட்டர். 80ல போனா எட்டு நிமிஷம், 55ல போனா பன்னெண்டு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்காக காத்தோட சண்டை போட்டிருக்கேன். வேகம் கூடக் கூட காத்து எதிர்க்கிறது பல மடங்கு கூடும், ஆம்னி மூஞ்சி வேற சுவர் மாதிரி. கெளம்புற நேரத்தையும் மாத்தினேன். காலையில ஷூ கம்பெனி பஸ்ஸுங்க கெளம்பிட்டா ஆம்பூர்ல வண்டி நகராது. இப்ப நாலரைக்கே கெளம்பிடறேன்.

சிலர் எறக்கத்துல நியூட்ரல் போடு, இஞ்சினை ஆஃப் பண்ணுன்னு சொல்றாங்க. செய்யாதீங்க. இஞ்சின் நின்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். இன்ஜெக்ஷன் வண்டியில கியர்லயே காலை எடுத்தா பெட்ரோல் தானா நிக்கும், நியூட்ரல்லதான் குடிக்கும். பெட்ரோல் பைப்புல மாட்டுற காந்தத்துக்கு நான் ஒரு தடவை 300 ரூபா கொடுத்து ஏமாந்தேன். நீங்களாவது ஏமாறாதீங்க.

இன்னொண்ணு எத்தனால். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அதுல சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. பழைய கார்களுக்கு மைலேஜ் 6, 7 சதவீதம் கொறையலாம்னு 2021ல நிதி ஆயோக் அறிக்கையே சொல்லுது. கரும்புலயும் மக்காச்சோளத்துலயும் எடுக்கிறது, விவசாயிக்கு நல்லதுங்கறாங்க. கரும்பு போட்டவனா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஆம்னிக்காரனா அழுவுறேன். என்ன பண்றது, ரெண்டும் நான்தான்.

எல்லாம் பண்ணி 14 வந்தது. நடைக்கு 464 இருந்தது 364 ஆச்சு. மாசம் பதினைஞ்சு நடைக்கு 1500 ரூபா மிச்சம். பெருமையா வீட்டுக்காரம்மாகிட்ட நோட்டைக் காட்டினேன்.

எங்க மருமக ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில தைக்கிற வேலை. கம்பெனி பஸ் வந்து கூட்டிட்டுப் போவும். வீட்டுக்காரம்மா நோட்டைப் பாத்துட்டு சொன்னா: "ஏங்க, கம்பெனிக்காரன் நாப்பது பொம்பளைங்களை ஒரே பஸ்ல ஏத்தினு போறான். நீங்களும் உங்க அண்ணனும் ஒரே மார்க்கெட்டுக்கு, ஒரே காயை, ரெண்டு வண்டியில கொண்டு போறீங்க. காத்து அடிச்சா மட்டும் போதுமா?"

எனக்குப் பதில் வரல. எங்க அண்ணனும் நானும் பேசி மூணு வருஷம். கிணத்துப் பங்கு. யாருக்கு எந்த நாள் மொறைங்கறதுல ஆரம்பிச்சது, அப்பா காலத்துப் பேச்செல்லாம் வெளிய வந்துடுச்சு. பாலாத்தங்கரையில தோல் ஷாப்பு தண்ணியால எத்தனையோ கிணறு பாழாச்சு, அந்த வழக்குல 1996லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. நல்ல தண்ணி இருக்கிற எங்க கிணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறோம். அவரு குட்டி யானைக்கு நடைக்கு 700 ரூபா வாடகை கொடுத்துட்டு இருந்தாரு. நான் பாதி காலி வண்டியில அவரைத் தாண்டிப் போவேன்.

புரட்டாசியில ஒரு நாள் விடியக்காலம். மழை தூறுது. ரோட்டோரம் அண்ணன் மூணு மூட்டையோட நிக்கிறாரு, தலையில சாக்கு. குட்டி யானை வரல. தாண்டித்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நூறடி போயிருப்பேன். கண்ணாடியில பாத்தேன். அப்பா நிக்கிற மாதிரியே இருந்தது. ரிவர்ஸ் எடுத்தேன்.

"ஏத்துங்கண்ணா" ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. மாதனூர் வந்தப்புறம்தான், "இன்னாடா, இவ்ளோ மெதுவா ஓட்டற?"ன்னாரு. பெட்ரோல் கணக்கு சொன்னேன். ஆம்பூர் வர்ற வரைக்கும் அதையேதான் பேசினோம்.

இப்ப ஒரு தடவை நான் பெட்ரோல் போடறேன், அடுத்த தடவை அவரு போடறாரு. வெள்ளை போர்டு வண்டியில வாடகைக்கு ஏத்தக் கூடாது, அது சட்டம். நாங்க வாடகை வாங்கல, செலவைப் பங்கு போட்டுக்கறோம். பாரம் கூடினதால 13தான் கொடுக்குது. நடைக்கு 392, ஆளுக்கு 196. பழைய 464க்கு இது எனக்கு மாசம் நாலாயிரம் சொச்சம் மிச்சம். மொத நாளே மண்டிக்கு போன் போட்டு விலை கேட்டுக்கறோம். திரும்பும்போது புண்ணாக்கோ உரமோ ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஏத்திக்கறோம், காலியா வர்றதில்ல.

கிணத்து மொறை இன்னும் பேசி முடியல. வண்டியில அதைப் பத்தி ரெண்டு பேரும் வாயைத் திறக்கறதில்ல. ஆனா போன வாரம் என் மொறை இல்லாத நாள்ல என் பாத்தியில தண்ணி பாய்ஞ்சிருந்தது. யாரு மடை திறந்தாங்கன்னு நான் கேக்கல.

நாளைக்கு அவரு பெட்ரோல் போடற நாள். நாலரைக்குக் கெளம்பணும். படுக்கறேன்.